களனி ஆத்தில கயாக்: கொழும்பில இருந்துகொண்டு எங்க, எப்படித் தொடங்கிறது?

வெள்ளவத்தைப் பெடியன் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஒஃபிஸ் ஆக்களோட களனி ஆத்தங்கரையில இருக்கிற கித்துல்கலைக்கு ராஃப்டிங் போய் வந்தனான். ரப்பர் போட்டில ஏழு பேர், பின்னுக்கு வழிகாட்டி அண்ணை. அவர் வலிக்கச் சொன்னால் வலிச்சம், குனியச் சொன்னால் குனிஞ்சம். சந்தோசமாத்தான் இருந்தது. ஆனா நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

எங்களுக்கு முன்னால சிவப்புக் கயாக் ஒண்டில, ஒடுங்கின சின்னப் படகு அது, தனி ஆளா ஒருத்தர் போனவர். ஆராவது தண்ணியில விழுந்தால் தூக்கிறதுக்காம். பட்டர் கிரஞ்ச் எண்டு சொல்லுற இடத்தில தண்ணி நுரைச்சுக்கொண்டு இறங்குது, எங்கட போட் அடிபட்டு அடிபட்டுப் போகுது. அந்த ஆள் நடு ஆத்தில ஒரு கல்லுக்குப் பின்னால திரும்பி நிண்டு எங்களைப் பார்க்கிறார். ரெண்டு பக்கமும் ஆறு பாயுது, அவர் அசையேல்லை. பேந்து கீழ ஓர் அலையில கவிண்டார். கயாக்கின்ர அடி மட்டும்தான் தெரிஞ்சது. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. ரெண்டு செக்கன் இருக்கும். மற்றப் பக்கத்தால எழும்பி, முகத்தைத் துடைச்சிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரித் தொடர்ந்து வலிச்சார்.

இரவு முழுக்க நித்திரை வரேல்லை. எனக்கு அது பழக வேணும். வயது 26. நீந்தத் தெரியும், ஆனா பள்ளிக்கூடத் தடாகத்தில பழகினது, ஆத்தில இல்லை. கண்ணாடி போடுறனான். கொழும்பில ஆரும் சொல்லித் தருவினமோ? எவ்வளவு காலம் எடுக்கும்? அம்மாவிட்ட இன்னும் சொல்லேல்லை.


கொம்பனித்தெரு ரைடர் | ஞாயிறு, இரவு 9.40

மச்சான், நானும் வாறேன்! ரெண்டு வருஷமா இந்த வீடியோ எல்லாம் தேடித் தேடிப் பார்க்கிறேன். டைலர் பிராட் என்ற அமெரிக்கர் 2009ல வாஷிங்டன் மாநிலத்தில பலூஸ் நீர்வீழ்ச்சியில கயாக்கோட இறங்கினார். 57 மீற்றர் உயரம். மனுசன் உயிரோட வெளிய வந்தார். 2020ல டேன் ஜாக்சன் சிலி நாட்டில சால்டோ டெல் மௌலே வீழ்ச்சியில, அது 40 மீற்றர். பார்த்தா உடம்பெல்லாம் சிலிர்க்குது.

நம்மட நாட்டில நீர்வீழ்ச்சிக்கா பஞ்சம்? பொல்கொட வாவிப் பக்கம் பழைய கயாக் ஒண்டு விலைக்கு இருக்காம், கேள்விப்பட்டேன். ரெண்டு பேரும் காசு போட்டு வாங்குவோம். ஏபர்டீன் 98 மீற்றர், அது வேணாம். ஆறேழு மீற்றரில சின்னதா ஒண்டு பார்த்து ஆரம்பிச்சா என்ன?


துடுப்பக்கா | திங்கள், காலை 6.05

தம்பிமார், ரெண்டு பேருக்குமா எழுதிறன். கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியுங்கோ.

நான் கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தனான். ஒன்பது வருசம் நோர்வேயில இருந்தனான். அங்க சியோவா எண்டு ஓர் ஆறு, பனி உருகி வாற தண்ணி. அதிலதான் கயாக் பழகினனான். இப்ப திரும்பி வந்து கொழும்பிலதான் வேலை. மாசத்தில ரெண்டுதரமாவது கித்துல்கலையில வலிக்கிறன்.

முதலாவது, அந்தப் பொல்கொடக் கயாக்கை வாங்காதேங்கோ. வாவியில ஓடுறது மேல ஏறி இருந்து போற பிளாஸ்டிக் தட்டு மாதிரி, இல்லாட்டி நாலைஞ்சு மீற்றர் நீளமானது. நேரே போறதுக்கு நல்லது. நுரைச்சுப் பாயிற வெள்ளைத் தண்ணியில நேரே போறது பத்தாது, நிண்ட இடத்தில திரும்ப வேணும். அதுக்கு இரண்டரை மீற்றர் அளவில, அடி உருண்டு, மூக்கு மேல வளைஞ்ச கயாக் வேணும். அதுக்குள்ள நீங்கள் இருக்கிறதில்லை, அதை உடுத்திருக்கிறீங்கள். இடுப்பு, துடை, முழங்கால், பாதம் எல்லாம் உள்ளுக்கு இறுகிப் பிடிச்சிருக்கும். இடுப்பை ஆட்டினால் கயாக் ஆடும். மேலால தண்ணி உள்ளுக்கு வராமல் நியோப்பிரீன் ரப்பர் பாவாடை ஒண்டு, கயாக்கின்ர விளிம்பில இழுத்து மாட்டுறது.

பெடியன் பார்த்த அந்த எழும்புறதுக்குப் பேர் ரோல். கயாக்கைக் கண்டுபிடிச்ச, வட துருவப் பக்கத்து இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலால செய்த படகில வேட்டைக்குப் போனவை. அந்தக் குளிரில படகை விட்டு வெளிய வந்தால் சாவுதான். அதால உள்ளுக்கு இருந்தபடியே எழும்பப் பழகினவை. 1927இல ஹான்ஸ் பாவ்லாட்டா எண்ட ஒஸ்திரியர் அதைத் தானாப் பழகினார். ஐரோப்பியரில அவர்தான் முதல் எண்டு பதிவிருக்கு. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில புதுசாச் சேர்த்த கயாக் குரொஸ் போட்டியில எல்லா வீரரும் ஒரு குறிப்பிட்ட இடத்தில கட்டாயம் கவிண்டு எழும்ப வேணும். அவ்வளவுக்கு அது இந்த விளையாட்டின்ர அடித்தளம்.

ஆனா ரோலுக்கு முதல் வேற ஒண்டு. கவிண்ட கயாக்குக்குள்ள இருந்து வெளிய வரப் பழக வேணும். பாவாடையின்ர முன்பக்கத்தில ஒரு பட்டி இருக்கும். அது எப்பவும் வெளியில தெரிய வேணும், உள்ளுக்கு மடிஞ்சு போனால் ஆபத்து. கவிண்டவுடன முன்னுக்குக் குனி, பட்டியைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளி மேல இழு, ரெண்டு கையாலயும் விளிம்பைத் தள்ளிக்கொண்டு கால்சட்டை கழட்டிற மாதிரி வெளிய வா. எழுத லேசு. முதல்முறை தலைகீழா, மூக்குக்குள்ள தண்ணி போக, எங்க மேல எங்க கீழ எண்டு தெரியாமல் இருக்கேக்க கை தன்ரபாட்டில மேற்பரப்பைத் தேடும், பட்டியைத் தேடாது. தடாகத்தில முப்பது நாப்பது தரம் செய்யச் செய்யத்தான் கை பட்டிக்குப் போகும். என்னை ஒரு மாசம் இதை மட்டும்தான் செய்ய விட்டவை. அந்த ஆசிரியைக்கு நான் இண்டைக்கும் நன்றி சொல்லுறன்.

ரோலில எல்லாரும் விடுற பிழை ஒண்டுதான். மூச்சு முட்டின உடன தலையைத் தூக்கப் பார்ப்பினம். தலை பாரம். அது முதல் வந்தால் உடம்பு திரும்பக் கீழ போகும். இடுப்பை வெட்டிக் கயாக்கை முதல் நிமிர்த்த வேணும், பிறகு உடம்பு, தலை கடைசி. உயிர் கேக்கிறதுக்கு நேர் எதிராச் செய்ய வேணும். அதாலதான் காலம் எடுக்கும்.

மிச்சம் பின்னேரம் எழுதிறன், வேலைக்கு நேரமாச்சு. நீர்வீழ்ச்சிக் கதையையும் அப்ப கதைப்பம்.


நோட்டன்காரன் | திங்கள், பகல் 12.50

அக்கா எழுதினது அத்தனையும் உண்மைங்க. நான் நோட்டன்பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவன், இப்ப புறக்கோட்டையில கடையில வேலை. கயாக் எல்லாம் ஓட்டினது இல்ல. ஆனா அந்த ஆத்தை எனக்குத் தெரியும், அதனால சொல்றேன்.

கித்துல்கலையில நீங்க பாக்குற ஆறு ஒரு ஆறு இல்ல. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேந்து வர்றது. ரெண்டுலயும் அணை. கெஹெல்கமு ஓயாவுல காசல்ரி, நோட்டன். மஸ்கெலி ஓயாவுல மவுசாகலை, கெனியன், லக்ஷபான. இதுக்கெல்லாம் கீழ பொல்பிட்டிய மின்நிலையம், இப்ப புதுசா புரோட்லண்ட்ஸ், 35 மெகாவோட். அதனால ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுங்கிறத மழை மட்டும் தீர்மானிக்கிறது இல்ல. மேல ஆலை ஓடுனா ஆறு ஏறும், நிறுத்துனா எறங்கும். வெயில் சுள்ளுனு அடிக்கும், வானத்துல ஒரு மேகம் இருக்காது, தண்ணி முழங்கால்ல இருந்து இடுப்புக்கு வந்துடும். சின்ன வயசுல குளிக்கப் போனா எங்கப்பா ஒரு கல்லைக் காட்டுவாரு. அந்தக் கல்லு நனைஞ்சா துணிய எடுத்துக்கிட்டு ஓடியாந்துரணும், சோப்பு உடம்புல இருந்தாலும் சரி.

ரேடியோவுல "லக்ஷபான நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, களனி கங்கையின் தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்"னு சொல்லுவாங்களே, கொழும்புல இருக்கிறவங்க அதை மலைநாட்டுச் செய்தின்னு நெனச்சு சேனலை மாத்துவாங்க. ஆத்துல எறங்குறவனுக்கு அதுதான் மொத செய்தி.


கொட்டாஞ்சேனை அம்மா | திங்கள், பின்னேரம் 4.20

நான் இந்த விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆள். மகன்தான் இந்த இழையைக் காட்டினவன். ஆனால் ஒண்டு சொல்லாமல் போக மனம் வரேல்லை.

என்ர அண்ணற்ற மகன் 19 வயதில, சிநேகிதரோட மலைநாட்டுக்குச் சுற்றுலா போய், ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கீழ குளிக்க இறங்கினவன். நல்லா நீந்துவான், பள்ளிக்கூடத்தில மெடல் எடுத்த பிள்ளை. தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்ததாம். ரெண்டாம் நாள்தான் உடம்பு கிடைச்சது. பதினாலு வருசம். அண்ணி இண்டைக்கும் அவன்ர சப்பாத்தை வெயிலில காயப் போட்டு எடுத்து வைக்கிறா.

தம்பி, உன்ர அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுப் போ. ஒளிச்சுப் போகாதை.


வெள்ளவத்தைப் பெடியன் | திங்கள், பின்னேரம் 5.02

அம்மா, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தனான். இண்டைக்கு இரவே அம்மாவோட கதைக்கிறன்.


துடுப்பக்கா | திங்கள், இரவு 8.30

அம்மா எழுதினதுக்குப் பிறகு நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதக் கை நடுங்குது. எண்டாலும் எழுத வேணும். அந்தப் பிள்ளை ஏன் போனான் எண்டு விளங்கினால்தான் ரைடர் தம்பிக்கு நான் ஏன் வேண்டாம் எண்டு சொல்லுறன் எண்டது விளங்கும்.

நீர்வீழ்ச்சியின்ர அடியில விழுற தண்ணி ஆழத்துக்குப் போய், அங்கயிருந்து மேல வந்து, மேற்பரப்பால திரும்ப வீழ்ச்சியை நோக்கியே ஓடும். உருளுற பீப்பா மாதிரி. அதுக்குள்ள அகப்பட்டவனைத் தண்ணி வெளிய விடாது, திரும்பத் திரும்ப வீழ்ச்சிக்கடிக்கே கொண்டுபோகும். நுரையில பாதி காத்து. காத்தில ஆர் மிதப்பினம்? நல்லா நீந்துறவனுக்கும் அங்க கை பிடிக்கத் தண்ணி இல்லை. நுரை இல்லாத பச்சைத் தண்ணி கண்ணாடி மாதிரித் தெரியும், அதுக்குக் கீழ பாறைக்குடைவுகள். இது ரெண்டும் பார்வைக்குத் தெரியாது. கரையில நிண்டு பார்க்கிறவனுக்கு அது அமைதியான குளம்.

கயாக்கில விழுறவனுக்கு இன்னொரு ஆபத்து. கயாக் தட்டையா விழுந்தால் முழு அதிர்ச்சியும் முதுகெலும்பில இறங்கும். மூக்கு அளவுக்கு மீறிச் செங்குத்தா விழுந்தால் ஆழத்தில அடிபடும். சரியான கோணத்தை விழுற அந்த ஒண்டு ரெண்டு செக்கனுக்கை உடம்பாலயே பிடிக்க வேணும். ரைடர் தம்பி சொன்ன அதே டைலர் பிராட், பலூஸில மணிக்கட்டுச் சுளுக்கோட தப்பினவர், 2011இல ஒறிகன் மாநிலத்தில அபிக்குவா எண்ட வீழ்ச்சியில முதுகெலும்பை உடைச்சுக்கொண்டவர். அது பலூஸின்ர பாதி உயரம்தான். உலகத்திலயே முதல் வரிசை ஆள் அவர். சின்ன வயதில இருந்து ஆத்தில வளர்ந்தவர். அந்த ஒரு நிமிச வீடியோவுக்குப் பின்னால கீழ் நீரின்ர ஆழத்தை அளந்தவை, கயிற்றோட கரையில நிண்டவை, ஆத்தின்ர மட்டம் சரிவரும் எண்டு கிழமைக்கணக்காக் காத்திருந்தவை எல்லாம் இருக்கினம். அது திரையில வராது.

ஏழு மீற்றர் சின்னன் இல்லை தம்பி. ரெண்டு மாடி. எனக்கு இத்தனை வருசத்தில நான் இறங்கின ஆகக் கூடின உயரம் நாலு மீற்றர். அதுவும் முன்னால இறங்கின மூண்டு பேரைப் பார்த்த பிறகு.

சரி, ஆத்துக்கு வாறன். ஆறுகளைக் கஷ்டத்தின்படி 1 முதல் 6 வரை தரம் பிரிப்பினம். கித்துல்கலையில ராஃப்டிங் போற அந்தத் துண்டு வழமையா 2, 3. மழை கூடினால் அதே இடம் வேற ஆறாகும். ஒரு கன மீற்றர் தண்ணி ஒரு தொன் எடை. வேகம் ரெண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளுற விசை நாலு மடங்கு. அதால "போன முறை இதே இடத்தில போனனான்" எண்டதுக்கு ஆத்தில ஒரு பெறுமதியும் இல்லை.

படிக்க வேண்டிய முதல் எழுத்து, அந்தச் சிவப்புக் கயாக்காரர் நிண்ட இடம். கல்லில அடிபட்டுப் பிரியிற தண்ணி, கல்லுக்குப் பின்னால திரும்பி மேல்நோக்கி வரும். எடி எண்டு சொல்லுவினம். ஓடுற ஆத்துக்குள்ள அது ஒரு திண்ணை. அதில நிண்டு மூச்சு விடலாம், அடுத்த திண்ணை எங்க எண்டு பார்க்கலாம். கயாக்காரர் ஆத்தில இறங்கிறதில்லை, திண்ணையில இருந்து திண்ணைக்குப் போறவை. ஓடுற தண்ணிக்கும் எடிக்கும் நடுவில ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டேக்க போற பக்கத்துக்குச் சரிய வேணும், சைக்கிளில வளைவெடுக்கிற மாதிரி. மற்றப் பக்கம் சரிஞ்சால் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள கவிழ்வீங்கள்.

விழுந்தால்: மல்லாக்காக் கிட, கால் ரெண்டும் ஆறு போற பக்கம், பாதம் மேல. எழும்பி நிக்கப் பார்க்காதை. முழங்காலுக்கு மேல ஓடுற தண்ணியில நிண்டால் பாதம் கல்லிடுக்கில மாட்டும், தண்ணி முதுகில தள்ளி முகத்தை அமத்தும். இடுப்பளவு தண்ணியிலயும் ஆக்கள் அப்பிடிச் செத்திருக்கினம். விழுந்து கிடக்கிற மரம் ஆத்துக்குக் குறுக்கே இருந்தால் மட்டும் முறை மாறும். அப்ப குப்புறத் திரும்பி, மரத்தை நோக்கி முழுப் பலத்தோட நீந்தி, அதுக்கு மேலால ஏறிப்போட வேணும். கொப்புக்குள்ளால தண்ணி போகும், மனிசர் போகேலாது.

கண்ணாடிக்குப் பின்னால ஒரு பட்டி கட்டுங்கோ. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒரு நாளும் இறங்கக் கூடாது. தனியாப் போகக் கூடாது, ஆகக் குறைஞ்சது மூண்டு பேர்.

தெரிஞ்ச ஒருத்தற்ற தடாகத்தில ஞாயிறு பின்னேரங்களில ரெண்டு மணித்தியாலம் எங்களுக்குத் தருகினம். என்னட்ட ரெண்டு கயாக் இருக்கு. ரெண்டு பேரும் வாங்கோ. ஆத்துக்கு மூண்டு மாசத்துக்குப் பிறகு போவம்.


கொம்பனித்தெரு ரைடர் | திங்கள், இரவு 9.15

அக்கா, உண்மையச் சொன்னா முதல்ல கோவம் வந்திச்சு. மூணு மாசம் தடாகமா என்டு. பிறகு அந்த அம்மா எழுதினத திரும்ப வாசிச்சேன். அம்மா, நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது. நான் ஞாயிறு வாறேன் அக்கா.

ஆனா ஒண்டு கேக்கிறேன். ஆசையே படக் கூடாதா? அந்த வீடியோவப் பார்த்துத்தானே எனக்கு ஆறு மேல இவ்வளவு விருப்பம் வந்திச்சு.


துடுப்பக்கா | திங்கள், இரவு 9.31

ஆசைப்படுங்கோ தம்பி. நானும் படுறன். பத்து வருசத்தில ஒரு ஏழு மீற்றரைக் காட்டினால் நானே கயிற்றோட கீழ நிப்பன்.


மட்டக்களப்பான் | செவ்வாய், காலை 7.45

இப்ப தெஹிவளையில இருக்கன், ஊர் வாவிக்கரை. அக்கா சொன்ன சரிவுக் கதைய வாசிக்கக்குள்ள எங்கட பெரியப்பாட ஞாபகம் வந்திச்சு. அவர் தோணிக்காரர். மழைகாலத்தில வாவி இழுக்கக்குள்ள அக்கரைக்கு நேரே விடமாட்டார். தோணிட முகத்தை நீர் வாற பக்கம் கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வலிப்பார். நீரே தோணிய அக்கரைக்குத் தள்ளிக் கொண்டு போய் விடும். நேரே விட்டா எங்கயோ கீழ போய்த்தான் கரை சேரணும், மறுகா நடந்து வரணும். கயாக்கிலயும் இதுதானா அக்கா?


துடுப்பக்கா | செவ்வாய், காலை 8.10

அச்சொட்டா இதுதான். ஃபெரி எண்டு சொல்லித் தந்தவை. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சதை நான் காசு குடுத்து நோர்வேயில பழகினனான். எத்தினை பாகை சரிச்சவர் எண்டு கேட்டால் சொல்லியிருப்பாரோ? எனக்கு நீர் வேகமாக ஆகக் கோணத்தைக் குறைக்கச் சொல்லித் தந்தவை.


மட்டக்களப்பான் | செவ்வாய், காலை 8.22

பாகை தெரியாது. "நீர் மூக்கில படணும், கன்னத்தில படக்கூடாது" என்டு சொல்லுவார்.


தலவாக்கலை மகள் | செவ்வாய், இரவு 7.58

இழையை நேத்திலேருந்து வாசிக்கிறேன். நோட்டன் அண்ணன் அணைகளை வரிசையாச் சொன்னதும் மனசு கனத்துடுச்சு. எங்க ஊர் சென்கிளயர் நீர்வீழ்ச்சி 80 மீற்றர் உயரம். அந்தத் தண்ணியத் திருப்புற மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வரப்போகுதுன்னு சொன்னப்ப மலையகத்துல எவ்வளவு எதிர்ப்பு! 2012ல திறந்தாங்க, 150 மெகாவோட். இப்ப பகல்ல குறிப்பிட்ட நேரம் தண்ணி விடுறாங்க, வர்றவங்க பாக்கறதுக்கு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ராத்திரி படுத்தா அந்த இரைச்சல் கேக்கும். இப்ப லீவுக்குப் போனா ராத்திரி அமைதியா இருக்கு. எனக்கு அந்த அமைதியில தூக்கம் வர்றதில்ல.

புரோட்லண்ட்ஸ் வர்றப்ப கித்துல்கல ராஃப்டிங் பொடியன்களும் இப்பிடித்தான் பயந்தாங்க. ஆறு ஓடினாத்தானே அவங்களுக்குச் சோறு. உங்க விளையாட்டு பிழைக்கணும்னா ஆறு பிழைக்கணும், அதையும் கொஞ்சம் பேசுங்க.


நோட்டன்காரன் | செவ்வாய், இரவு 8.40

தங்கச்சி சொல்றது எனக்கு வலிக்குது, ஏன்னா எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918லேயே இந்தத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு எழுதினாரு. பழைய லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கினது 1950ல. நோட்டன் மின்நிலையத்துக்கு அவரு பேருதான். அந்தக் கரண்ட் எங்க லயத்துக்குப் பக்கத்துலயே பொறந்து, கம்பியில எங்க தலைக்கு மேல கொழும்புக்குப் போச்சு. எங்க லயத்துல நான் ஏழாம் வகுப்புப் படிக்கிற வரைக்கும் குப்பி விளக்குதான். பல்பு எரிஞ்ச அன்னைக்கு எங்கம்மா அதுக்கு முன்னால நின்னு கும்பிட்டாங்க.

அதனால அணை வேணாம்னு என்னால சொல்ல முடியல. ஆனா ஆத்துல எவ்வளவு தண்ணி, எத்தன மணிக்கு விடப்போறோம்னு கீழ இருக்கிறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும். துணி தொவைக்கிற பொம்பளைங்களுக்கும் சொல்லணும், ராஃப்டிங் பொடியனுக்கும் சொல்லணும். அதைக் கேக்க நமக்கு உரிமை இருக்கு.


தலவாக்கலை மகள் | செவ்வாய், இரவு 8.52

குப்பி விளக்கு எங்க வீட்லயும் இருந்துச்சு அண்ணா. சரி, அந்தக் கோரிக்கையை எழுதுவோம். நான் எழுதித் தர்றேன், சிங்களத்துலயும்.


வார்டு பத்து | புதன், காலை 6.30

இரவு வேலை முடிஞ்சு வந்து வாசிக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி. எல்லாரும் கல்லையும் அலையையும் கதைக்கிறீங்க, எலிக்காய்ச்சலை யாரும் சொல்லல்ல. எலியின்ட சிறுநீர் கலந்த தண்ணி, காலில சின்னக் கீறல் இருந்தாலும் உள்ள போகும். மழைக்குப் பிறகு இது கூடுதலா வரும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில வயல்ல இறங்கிறவங்களுக்கு சுகாதாரத் திணைக்களம் டொக்சிசைக்ளின் மாத்திரை குடுக்கிறது இதுக்குத்தான். நீங்க உங்கட டொக்டரைக் கேட்டு முடிவெடுங்க, தானா வாங்கிக் குடிக்க வேணாம். ஆத்தால வந்து மூணு நாலு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தா டொக்டரிட்ட முதல் வசனமே "நான் ஆத்தில இறங்கினேன்" என்டு இருக்கட்டும். டெங்கு என்டு நெனச்சு நாள் போக்காதீங்க. பிந்தி வந்து சிறுநீரகம் பழுதாப் போன பிள்ளைகள நான் பார்த்திருக்கிறேன்.


வெள்ளவத்தைப் பெடியன் | மூன்று மாதம் கழிச்சு, ஞாயிறு, இரவு 10.05

எல்லாரும் இருக்கிறீங்களோ? இழையைத் திரும்ப மேல கொண்டு வாறன்.

அம்மாவோட அண்டைக்கே கதைச்சனான். ரெண்டு நாள் என்னோட பேசேல்லை. மூண்டாம் நாள் தானே வந்து, ஆர் சொல்லித் தருகினம் எண்டு கேட்டா. அக்காவோட போனில கதைக்கக் குடுத்தனான். அரை மணித்தியாலம் கதைச்சவை. என்ன கதைச்சவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

பதினொரு ஞாயிறு தடாகம். முதல் நாள் பட்டியைப் பிடிக்க மறந்து, கயாக்கை உதைச்சு, முழங்கால் ரெண்டும் உரஞ்சு இரத்தம். அஞ்சாவது ஞாயிறில இருந்து பயம் போட்டுது. எட்டாவதிலதான் முதல் ரோல். தலை கடைசியா வந்ததை நானே உணர்ந்தனான். தண்ணிக்குள்ள காது அடைச்சு, ஒரு சத்தமும் இல்லாமல், இடுப்பு மட்டும் திரும்பினது. வெளிய வந்தால் ரைடர் கரையில நிண்டு கத்துறான்.

நேற்று முதல் ஆறு. அக்கா எங்களை ராஃப்டிங் போற துண்டுக்குக் கொண்டு போகேல்லை. அதுக்குக் கீழ, ஆறு அகண்டு ஓடுற இடம், தரம் 1, ஓரிடத்தில 2. விடிய முழுக்க ஒரே கல்லுக்குப் பின்னால உள்ள எடிக்குள்ள போறதும் வாறதும்தான். அந்தக் கோடு! தடாகத்தில எவ்வளவு செய்தாலும் அது இல்லை. நாலாவது தரம் தாண்டேக்க தப்பான பக்கம் சரிஞ்சிட்டன். கவிண்டன். ரோல் செய்யப் பார்த்தன், தலை முதல் வந்திட்டுது, திரும்பக் கீழ. ரெண்டாந்தரமும் வரேல்லை. மூச்சு முடிஞ்சுது. கை பட்டிக்குப் போச்சு. நான் நினைக்கேல்லை, கை தானாப் போச்சு. மல்லாக்கா, கால் முன்னுக்கு, ஆறு கொண்டு போக, கரையில இருந்து ரைடர் எறிஞ்ச கயிறு நெஞ்சில விழுந்தது. அவனும் அதைத் தடாகத்தில எத்தினை நூறு தரம் எறிஞ்சு பழகினவன்.

மண்ணில இருந்து இருமினன். தண்ணி நல்ல குளிர். அப்பதான் யோசிச்சன், இது மொத்தம் 145 கிலோமீற்றர் ஓடுற, அம்பத்தளையில கொழும்புக்குக் குடிதண்ணியாப் போய், மிச்சம் முகத்துவாரத்தில கடலுக்கை விழுற அதே களனி. பாலத்தில பஸ்ஸில போகேக்க சேத்து நிறத்தில அசையாமல் கிடக்கும், நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்ப பாலம் வந்தால் ஜன்னல் பக்கம் போய் நிக்கிறன்.

அடுத்த சனி அக்கா பட்டர் கிரஞ்சுக்கு மேல உள்ள துண்டு எண்டு சொல்லியிருக்கிறா. அம்மாவும் வாறா, கரையில இருப்பாவாம். கொட்டாஞ்சேனை அம்மா, உங்கட எழுத்துக்காகத்தான் நான் அண்டைக்குச் சொன்னனான். நன்றி எண்டு எழுதினால் காணாது.


கொட்டாஞ்சேனை அம்மா | ஞாயிறு, இரவு 10.40

வாசிச்சன் தம்பி. அண்ணிக்கும் வாசிச்சுக் காட்டினன். கயிறு எறிஞ்ச பிள்ளை ஆர் எண்டு கேட்டா. அவனுக்குத் தன்ர ஆசீர்வாதம் எண்டு சொல்லச் சொன்னா.


கொம்பனித்தெரு ரைடர் | வெள்ளி, இரவு 11.20

அக்கா, மச்சான், தூங்கிட்டீங்களா? நான் நீர்ப்பாசனத் திணைக்கள ஆற்று மட்ட அறிக்கையப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நோர்வூட் பின்னேரத்திலிருந்து ஏறுது. கித்துல்கலையும் கடைசி ரெண்டு அளவீட்டில கூடியிருக்கு. இங்க கொழும்பில ஒரு துளி மழை இல்ல. நாகலகம் வீதி அளவுமானியில ஒண்டும் தெரியாது, அது நாளைக்குத்தான் தெரியும். நோட்டன் அண்ணன், ஊரில என்ன நிலவரம்?


நோட்டன்காரன் | வெள்ளி, இரவு 11.34

ஊருல இருக்கிற என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். மத்தியானத்துலேருந்து விடாம அடிக்குதாம். லக்ஷபான வான்கதவு ஒண்ணு திறந்தாச்சு. எங்கப்பா கல்லு கண்ணுக்கே தெரியலயாம்.


துடுப்பக்கா | வெள்ளி, இரவு 11.41

நாளைக்குப் போறதில்லை. பெடியன், அம்மாவிட்ட இப்பவே சொல்லுங்கோ, சாப்பாடு கட்டத் தொடங்கப் போறா. தடாகம் காலை ஒன்பதுக்குக் கேட்டுப் பார்க்கிறன்.


வெள்ளவத்தைப் பெடியன் | வெள்ளி, இரவு 11.48

சொல்லிட்டன் அக்கா. இடியப்பம் ஏற்கெனவே அவிச்சாச்சாம். தடாகத்துக்குக் கொண்டு வாறாவாம், எல்லாருக்கும்.